எட்டுப் பற்றரிகளும் ஒரு பூத்தோடும்

செய்தி வந்தது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அப்போது எங்கள் கடையில் நின்றவர்கள் இவர்கள்: காசு மேசையில் என் மருமகன் ரவீந்திரன். மரக்கறித் தட்டுகளுக்கு முன்னால் என் மகள் சுகந்தி. தேத்தண்ணீர்க் கோப்பையோடு என் பேத்தி ஆரணி. முருங்கையிலை வாங்க வந்த ஒரு பெண். பெயர் தெரியாது, பச்சைக் குளிர்ச்சட்டை போட்டிருந்தா. பிறகு நான், வழமைபோல வாசலோரக் கதிரையில் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளே வந்து சொன்னவர் போன் கடை மகேந்திரன்.

"தவராசா அண்ணை விடியக்காலமை மோசம் போயிட்டார்."

ஆரணி கோப்பையை அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டுத் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். சுகந்தி ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினாள். ரவீந்திரன், "பாவம், நல்ல மனுசன்" என்றார். இந்த மூன்று சொல்லையும் வாசிப்பவர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொல்லிக் கேட்டவரும் மகேந்திரன்தான். தவராசா அண்ணைக்குப் பாரிசில் மனைவி பிள்ளை இல்லை. தங்கை ஒருவர் கனடாவில் இருக்கிறார், பயணம் செய்ய முடியாதவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைகளைச் சுகந்தி திருத்துவாள். நடந்ததைத் திருத்த அவளுக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக: தவராசா அண்ணை உயரமான, மெலிந்த மனிதர். இருபத்திரண்டு வருடம் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினார். தட்டை விரலால் சுண்டிப் பார்த்தே அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாராம். புதுத் தட்டுகள் வந்தால் முதலாளி முதலில் அவரிடம்தான் கொடுப்பாராம். இதை அவர் தாமாகச் சொன்னதில்லை. நான் கேட்டபோது, "சவர்க்காரத் தண்ணிக்குள்ளை கண் வேலை செய்யாது தங்கச்சி, காதுதான் செய்யும்" என்றார்.

நான் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுக் கோடையில் மகளிடம் வந்து சேர்ந்தேன். வீடு பாரிசுக்கு வெளியே ஓல்னேயில், கடை நகருக்குள் லா சப்பலில். வீட்டில் தனியே விட்டால் யோசித்துக்கொண்டே இருப்பேன் என்று சுகந்தி என்னை நாள்தோறும் கடைக்குக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். அங்கே இருந்து பார்த்ததில், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவர் வந்து எட்டுப் பற்றரி வாங்கிக்கொண்டு போவதைக் கண்டேன். என்னத்துக்கு இவ்வளவு என்று கேட்டேன். வீட்டில் ஒன்று கிடக்கிறது, அதற்குத் தீன் கொஞ்சம் கூட வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்த கிழமை அதை எனக்குக் காட்டுவதற்காகவே தூக்கிக்கொண்டு வந்தார். நீண்ட தடி, நுனியில் சோற்றுத் தட்டளவு வட்டம், பிடியில் ஒரு மண்ணிறப் பெட்டி. உலோகம் தேடுகிற மெஷின். கண்டதும் நான் கறிவேப்பிலையைப் போட்டுவிட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எங்களை வரிசையில் நிறுத்தி, எங்கள் பைகளுக்கு மேலே அப்படி ஒன்றை ஓட்டிய ஆமிக்காரரின் கைகளைப் பார்த்து எனக்கு மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் கடை வாசலைத் தாண்டும் போதெல்லாம் அந்த மெஷினைச் சுற்றி அவர் உடுத்துப் பழசான சாரம் ஒன்று கட்டியிருக்கும். பிள்ளைக்குக் குளிருக்குச் சுற்றுவதுபோலச் சுற்றியிருப்பார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே செய்தார். சாரத்தை அவிழ்த்துக் காட்டுங்கோ என்று நானாகக் கேட்ட நாளில்தான் அவிழ்த்தார்.

பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய மெஷின் அது. எண்பதுகளில் செய்ததாம். திரை கிடையாது, எண் கிடையாது. இரண்டு திருகு, ஒரு முள், மிச்சமெல்லாம் சத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே பைத்தியம் பிடித்த நாலைந்து பிரெஞ்சுக்காரரோடு வெளியூர் போவார். வயலில் மோதிரம் விழுத்தியவர்கள், புல்லுக்குள் சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் போய்த் தேடிக் கொடுப்பார்கள். பழங்காலப் பொருள் தேட அரசாங்கத்திடம் கடுதாசி வேண்டும் என்பதால் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்குத் திரும்ப முன் ஒரு துணியை விரித்து, அன்று தோண்டியதையெல்லாம் ஆளுக்காள் அதிலே கொட்டிக் காட்டவேண்டும். ஆணியோ, சோடா ரின் வளையமோ, எதுவும் மற்றவர் பார்க்காமல் எவருடைய பைக்குள்ளும் போகக்கூடாது.

அந்தக் கூட்டத்தில் ஜெரார் என்று ஒருவர், ரயிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் திரை வைத்த புது மெஷின் இரண்டு இருந்தது. இருந்தும் தவராசா அண்ணையின் மெஷினைத் தனக்குத் தரச்சொல்லி வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பாராம். யாராவது பழைய மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தால் மற்றவர்கள் தங்களுடையதைப் புல்லில் போட்டுவிட்டு, பிறந்த பிள்ளையைப் பார்க்க வருவதுபோலச் சுற்றி நிற்பார்களாம். பெட்டியைத் திறப்பார்கள், தேய்ந்த பாகத்தை மாற்றுவார்கள், ஹெட்போனை முறைவைத்துக் காதில் போடுவார்கள். புதிது இருக்கப் பழையதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "திரையிலை நம்பர் வந்தவுடனை மனுசன் கேக்கிறதை விட்டுடுறான் தங்கச்சி. தகரம் எண்டு அது சொல்லும், இவன் நடந்து போயிடுவான். இது ஒண்டும் சொல்லாது. நாங்கள்தான் நிண்டு கேக்கவேணும்" என்றார்.

நான் வந்து மூன்றாவது வருடம், ஊர்ச்சங்கத்தின் ஒன்றுகூடல் ஓல்னேக்குப் பக்கத்துப் பூங்கா ஒன்றில் நடந்தது. ஆரணிக்கு அப்போது ஏழு வயது. காதில் சின்னப் பூத்தோடு. அந்தத் தோடு என் தாலிப் பொன். என் மனுசன் போன பிறகு கழற்றியதைச் சேலைத் தலைப்பில் முடிந்தே இவ்வளவு தூரமும் கொண்டுவந்தேன். அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் மிஞ்சவில்லை. எங்கள் கடைத் தெருவிலேயே ஒரு நகைக்கடையில் உருக்கக் கொடுத்துப் பேத்திக்குத் தோடாக்கினேன்.

தவராசா அண்ணை மெஷினைக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு உலோகமும் எப்படிச் சத்தம் போடும் என்று காட்டினார். ஆரணியைக் கூப்பிட்டு, காதை வட்டத்துக்குக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். அது மெல்லச் சத்தம் போட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் ஆரணியின் இடக்காதில் தோடு இல்லை. தோட்டைப் பின்னால் பிடிக்கிற சுரை கழன்று விழுந்திருக்கிறது.

மகேந்திரன் தானும் ஆசைக்கு வாங்கி வைத்திருந்த புத்தம்புது மெஷினைக் காருக்குள்ளிருந்து எடுத்துவந்தார். திரையில் எண் காட்டும். நாங்கள் பாய் விரித்திருந்த இடம் முழுவதும் நடந்துவிட்டு, இங்கே கிடப்பதெல்லாம் ரின் வளையம்தான், தங்கம் இல்லை என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். தரையில் இல்லையென்றால் ஆரிட்டையோ இருக்கவேணும் என்றும் சொன்னார். அப்போதுதான் ரவீந்திரன் எழும்பி வந்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. பிள்ளையின்ரை காதைக் கடைசியாப் பிடிச்சது நீங்கள்தான். அந்தப் பையை ஒருக்காத் திறந்து காட்டுங்கோ."

ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவராசா அண்ணை பையைத் திறக்கவில்லை. முதலில் முகம் துடைக்கிற கைலேஞ்சியை எடுத்துப் புல்லில் விரித்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதுபோல. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அதில் அடுக்கினார். எட்டுப் பற்றரி. சின்ன மண்கரண்டி. சுடுதண்ணீர்ப் போத்தல். சம்பல் வைத்த பாண். கடைசியில் காற்சட்டைப் பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். எல்லாரும் பார்த்து முடியும்வரை நின்றார். எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிக்கொண்டு, சாப்பிடாமல் நடந்து போய்விட்டார். நான் கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் எங்கள் வீட்டு மணியை அடித்தபோது நான்தான் கதவைத் திறந்தேன். பாய் விரித்த இடத்தைக் காட்டினால் போதும் என்றார். நகரசபையில் போய், தொலைந்த பொருளைத் தேடக் கடிதம் வாங்கி வைத்திருந்தார். ஜெராரும் வந்திருந்தார். நூல் கட்டி நிலத்தைக் கோடு பிரித்தார்கள். மெஷின் முனகிய இடமெல்லாம் தோண்டினார்கள். வந்ததெல்லாம் ரின் வளையமும் அலுமினியத் தாளும். மாலையில் கைலேஞ்சியை விரித்துக் கொட்டி எனக்குக் காட்டினார். நான் பார்க்கத் தேவையில்லை என்றேன். "நீங்கள் பாக்கத்தான் வேணும்" என்றார்.

ஐந்து ஞாயிறு. மழை பெய்த ஞாயிறும் சேர்த்து. ஐந்தாவது ஞாயிறு ஒரு மரத்தடியில் நின்று, வட்டத்தை அங்கும் இங்கும் ஆட்டினார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார்.

"கேளுங்கோ. வளையம் எண்டால் ஓரம் கரகரக்கும். இது பாருங்கோ, ஒராள் தொண்டையைச் செருமுற மாதிரி."

எனக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்டது. அவர் இரண்டு விரலாழம் கிண்டினார். தோடு கிடந்தது. மகேந்திரனின் மெஷின் அதே மரத்தடியால் போனதை நான் கண்ணால் கண்டவள். மெல்லிய தங்கத்துக்கும் ரின் வளையத்துக்கும் திரையில் ஒரே எண்தான் வருமாம். வளையத்தை விலக்கச் சொல்லி வைத்திருந்த மெஷின் தோட்டையும் சேர்த்து விலக்கிவிட்டது.

அதை அவர் என் கையில் தரவில்லை. மறுநாள் தாமே கடைக்கு வந்து, காசு மேசையில் கைலேஞ்சியை விரித்து, ரவீந்திரனுக்கு முன்னால் வைத்தார். ரவீந்திரனின் வாயிலிருந்து மன்னியுங்கோ என்று ஒரு சொல். அதற்காகத்தான் அந்த மனிதர் ஐந்து ஞாயிறு முழங்காலில் நின்றார் என்று எனக்கு விளங்கியது. ரவீந்திரன், "அட, கிடைச்சிட்டுதே" என்று சிரித்தார். அலுமாரியிலிருந்து எட்டுப் பற்றரியை எடுத்து, சும்மா கொண்டுபோங்கோ என்று நீட்டினார். தவராசா அண்ணை கைலேஞ்சியை நாலாக மடித்துப் பையில் வைத்தார். பற்றரி மேசையிலேயே கிடந்தது. அதன்பிறகு அவர் எங்கள் கடையில் பற்றரி வாங்கவில்லை. வாசலில் நின்று என்னோடு கதைப்பார், உள்ளே வரமாட்டார்.

மகேந்திரன் ஒரு மாதத்துக்குள் அவருடைய அறைக்குப் போனார். ஐந்து மாடி ஏறி, நான் சொன்னது பிழை அண்ணை என்று சொன்னாராம். அண்ணை தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாராம். பிறகு மகேந்திரன் தன் புது மெஷினை விற்றுவிட்டு, அதே மாதிரிப் பழையது ஒன்று தேடி இரண்டு வருடம் சந்தை சந்தையாக அலைந்தார். கண்டுபிடித்தபோது அது வேலை செய்யவில்லை. அண்ணையும் ஜெராரும் சேர்ந்து திருத்திக் கொடுத்தார்கள். இப்போது அதை யாருக்கும் தொடக் கொடுக்கமாட்டார். நானும் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன், அன்றைக்கு வாய் திறக்காமல் நின்றதற்கு. "கரண்டியை எறிவியள் எண்டு பாத்தன்" என்று பகிடி விட்டார். அதோடு முடிந்தது.

ரவீந்திரனுக்கு நான் வருடந்தோறும் சொன்னேன். போய் ஒரு சொல் சொல்லுங்கோ. "மாமி, அந்த மனுசன் அதை எப்பவோ மறந்திருப்பார்" என்பார்.

சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அண்ணையின் கையில் ஊசி, குரல் நன்றாக இறங்கியிருந்தது. ஆரணியின் படிப்பை விசாரித்தார். மெஷினை ஜெராரிடம் கொடுத்துவிடச் சொன்னார், இத்தனை வருடம் கேட்டவர் என்று. நான் எழும்பும்போது, "கடைத் தம்பி வரேல்லையோ?" என்றார். வேலை அண்ணை, வருவார் என்றேன். வீட்டுக்கு வந்து இதை ரவீந்திரனிடம் அப்படியே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போவம் என்றார். செய்தி சனிக்கிழமை வந்தது.

இறுதிக் கிரியைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மாலைகளில் பெரியது ரவீந்திரனுடையது. பின்வரிசையில் பிரெஞ்சுக்கார நண்பர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஐயர் முடித்ததும் ஜெரார் அந்த மண்ணிறப் பெட்டி மெஷினோடு முன்னால் வந்தார். சவப்பெட்டியின் பிடிகள் உலோகம் என்பதால் ஆறடி தள்ளி நின்று, திருகைத் திருப்பினார். ஆரணியைப் பார்த்தார். பத்தொன்பது வயதுப் பிள்ளை, அந்தத் தோடுதான் போட்டிருந்தாள். அவள் முழங்காலில் இருந்து, தலையைச் சாய்த்து, இடக்காதை வட்டத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அந்தப் பெரிய மண்டபத்தில் மெஷின் மெல்லச் சத்தம் போட்டது. ஒராள் தொண்டையைச் செருமுவதுபோல. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு எனக்கும் வித்தியாசம் கேட்டது.

போயிட்டு வாங்கோ அண்ணை. நீங்கள் எல்லாவற்றையும் எல்லாருக்கும் முன்னால் விரித்துக் காட்டிவிட்டுப் போனவர். உங்களுடைய பையில் ஒளித்தது ஒன்றும் இல்லை. அதனால் நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பாவம், நல்ல மனுசன் என்று நீங்கள் போன பிறகு சொன்ன அந்த வாயால், நீங்கள் இருக்கும்போது சொல்லியிருந்தால் உங்களுக்குக் கேட்டிருக்கும். உங்களுடைய காதுக்குக் கேட்காத சத்தம் இல்லை. நான் அவருடைய வீட்டில்தான் இருக்கிறேன், அவருடைய சோற்றைத்தான் சாப்பிடுகிறேன், இந்த மலர் அவருடைய கடை மேசையிலும் வைக்கப்படும். நீங்கள் மன்னித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். நான் மன்னிக்காதவர் ஒருவர்தான்: என் மருமகன் ரவீந்திரன்.