மறுநாள் ருசி

மீன் குழம்பு வைத்த அன்றைக்கே அவ்வளவு ருசியாக இருக்க வழியே இல்லை. கடலோரத்துக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதுகூடவா தெரியாது? புளியும் காரமும் மீனுக்குள் இறங்க ஒரு ராத்திரி வேண்டும். ஆனால் அக்கா காலையில் வைத்ததாகச் சொன்ன குழம்பில் மறுநாள் ருசி இருந்தது. முதல் வாயிலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

என் மனைவி புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருந்த சமயம் அது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தது. வெளியில் கிடந்த பழைய சாப்பாட்டை வாயில் வைக்கக் கூடாது, நமக்கு வயிற்றுப்போக்கோடு போவது அவளுக்கு உயிருக்கே உலை வைத்துவிடும் என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து நான் எதையுமே நம்பவில்லை. செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் பகலில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஃப்ரிட்ஜையும் நம்பவில்லை. வேலை முடிந்து வந்ததும் ஐஸ் தட்டைத்தான் முதலில் பார்ப்பேன். கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு டப்பா டப்பாவாகத் திறந்து மோந்து பார்ப்பேன். சமையலுக்கு ஒத்தாசையாகக் கோவளத்திலிருந்து வந்து தங்கியிருந்த அக்கா இதையெல்லாம் பார்த்து முகத்தைச் சுளிப்பாள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி, தெருமுனை டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். சத்தம் போடாமல் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மண்சட்டியிலிருந்து, அடுப்பில் கொதிக்கும் புதுக்குழம்பில் இரண்டு கரண்டி எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தாள் அக்கா.

எங்கள் வீட்டு வழக்கம்தான் அது. குழம்புச் சட்டி காலியாகவே ஆகாது. ராத்திரி மிச்சத்தைக் கொதிக்க வைத்துச் சுண்டவிட்டு, மூடி, கரண்டி படாமல் அப்படியே வைத்துவிடுவார்கள். மறுநாள் குழம்பில் அது சேரும்.

"இன்னாடா திருடன புடிக்கிற மாதிரி வந்து நிக்குற? கொதிக்க வச்சது எப்படிடா கெட்டுப்பூடும்? நாம இத்த துன்னுதான வளந்தோம்."

பயத்தில் கத்திவிட்டேன். பழைய சட்டியையும் புதிய சட்டியையும் சேர்த்துத் தொட்டியில் கவிழ்த்தேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். அப்போது கதவைப் பிடித்துக்கொண்டு என் மனைவி வந்து நின்றாள்.

"அண்ணியத் திட்டாதீங்க. நான்தான் கேட்டேன். வாய் பூரா இரும்பக் கடிச்ச மாதிரி இருக்கு. அது ஒண்ணுலதான் சோறு உள்ள இறங்குது."

மருந்தேற்றும் வார்டு நர்ஸுக்குப் போன் போட்டேன். அவர் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார். நேற்றைய குழம்பு என்பதில் தப்பில்லை, ராத்திரி முழுக்க அடுப்பங்கரைச் சூட்டில் கிடந்ததுதான் தப்பு என்றார். கிருமி விட்டுப்போகும் சில விஷங்கள் கொதித்தாலும் போகாதாம். அகலமான பாத்திரத்தில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவைத்து உடனே ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் வேண்டிய அளவு மட்டும் எடுத்துத் தளதளவென்று கொதிக்கவிட்டுக் கொடுக்கலாம். தட்டில் மிஞ்சியதைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது.

அக்காவைச் சமாதானப்படுத்த ஒரு நாள் முழுக்க ஆனது. அதன்பின் அவள் குழம்பு வைப்பாள், நான் ஆறவைத்து எடுத்து வைப்பேன். மறுநாள் நானே சூடு பண்ணி, நன்றாகக் கொதித்ததா என்று பார்த்து, மோந்து பார்த்து மனைவிக்குப் பரிமாறினேன். அவள் முதல் கவளத்தை எடுப்பதற்குள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னேன்.

அவள் நீட்டவில்லை.

"டப்பாவத் திறந்து பாக்குற மாதிரியே என்னையும் பாக்குறீங்க. கெட்டுப்போச்சா, இன்னும் ஒரு நாள் தாங்குமான்னு."

அவள் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.