ஜோஸ்பின் டீச்சரின் பயண ஜெபம்

மராட்டிய மாநிலத்துக் கோந்த்வாவில் என் பக்கத்து வீட்டு ஜோஸ்பின் டீச்சருக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. யாருக்காவது காய்ச்சலா, பரீட்சையா, ரயில் பயணமா, ஞாயிறு தமிழ் ஆராதனையில் எழுந்து நின்று பெயர், ஊர், போகிற வழி எல்லாம் சொல்லி ஜெபிக்கக் கேட்பார். எங்கள் சபையில் அது வழக்கம். ஆண்டவருக்கு விலாசம் தெரியாதா டீச்சர் என்று நான் கிண்டல் செய்வேன்.

கணவர் ஹெர்பர்ட் இறந்தபின் மாடி அறையை அமோஸுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து சட்டம் படிக்க வந்தவன். டீச்சர் வைக்கும் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பான். அவன் நாட்டில் ஒருவர் இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்க முடியாது. இரண்டும் முடிந்தும் அந்த மனிதருக்கு நாற்காலியை விட மனம் வரவில்லை. சட்டத்தையே மாற்ற வாக்கெடுப்பு அறிவித்தார். எதிர்த்தவர்கள் காணாமல் போனார்கள், அமோஸின் அண்ணனும்தான்.

"நான் போயே ஆகணும் ஆன்ட்டி. பக்கத்து நாட்டுல இறங்கி பஸ்ல எல்லை தாண்டிடுவேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றான்.

டீச்சர் அழுது பார்த்தார். அவன் கேட்கவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஆனால் ஆண்டவரிடம் சொல்வது அவர் கணக்கில் சொல்வதே இல்லை. அமோஸ் வராத அந்த ஞாயிறன்று எழுந்து நின்றார்.

"ஐயா, நம்ம அமோஸ் வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்புறான். பக்கத்து நாட்டு வழியா பஸ்ல போறான். பார்டர்ல யாரும் பிடிச்சிடாம ஜெபம் பண்ணுங்க."

பின்வரிசையில் அவன் நாட்டு மாணவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கும் புரியட்டும் என்று பாதிரியார் அதையே ஆங்கிலத்திலும் ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது.

எல்லையில் பஸ்ஸை நிறுத்தி, பெயர் சொல்லி அழைத்து இறக்கினார்களாம். கூடப் போன நண்பன் போனில் சொன்னான். சபையிலிருந்து அவன் நாட்டுத் தூதரகத்துக்குச் செய்தி கொண்டுபோன புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது. "பாவி, நானே பிடிச்சுக் குடுத்துட்டேனே," என்று டீச்சர் சுவரில் தலையை மோதிக்கொண்டார். டெல்லிவரை போய் அந்தத் தூதரகத்திலேயே கேட்டோம். அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்றார்கள். வாக்கெடுப்பில் ஜனாதிபதி ஜெயித்தார். நம் பேப்பரில் அது நாலு வரிச் செய்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சில வாரம் கழித்து அமோஸின் அம்மா போன் செய்தார். நானும் காதை ஒட்டிக் கேட்டேன். தடுமாறும் ஆங்கிலத்தில், உங்கள் சபையைப் பற்றி மகன் நிறையச் சொல்லியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை அவன் பெயரைச் சொல்லி எல்லோரும் ஜெபிப்பீர்களா என்று கேட்டார்.

டீச்சர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அழாதீர்கள், கடவுள் இருக்கிறார் என்று அந்தத் தாய் அங்கிருந்து இவரைத் தேற்றிக்கொண்டிருந்தார்.