கன்றுகள் கைமாறிய இடம்

பால் கறக்கும் நேரத்தில் அவள் இந்த உலகத்திலேயே இருப்பதில்லை என்பது பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். கறவை மிஷினின் குழாய்களை மடியில் பொருத்திவிட்டு, மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வாள். உள்ளே வயிறு உருளும் ஓசை எங்கோ தூரத்துக் கடல் போலக் கேட்கும். விடியற்காலைப் பனி கொட்டகைக்குள் புகுந்து, மாடுகளின் மூச்சோடு கலந்து, இடுப்பளவுக்கு நிற்கும். அந்த வெண்மைக்குள் அவள் எங்கெங்கோ போய்விட்டு வருவாள்.

"மாடு பால் குடுக்குது. நீ என்ன குடுக்கற, குறட்டையா?" என்று முதலாளியம்மா அதட்டுவார். ஆனால் அவள் கையில் ஒரு சொட்டுப் பால் வீணானதில்லை. அதனால் அதட்டல் அதோடு நின்றுவிடும்.

அவளுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டு மாடியறையில் இருந்தாள். கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்தபோது பேச்சும் எங்கோ போயிருந்தது. அதை அவள் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் மாடுகள், மாலையில் மாடுகள், நடுவில் கொஞ்சம் தூக்கம். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

முதலில் இளைத்தது நெட்டை. கால் நீளமான மாடு என்பதால் அந்தப் பெயர். தீனியில் ஒரு குறையும் வைக்கவில்லை. தொட்டியைத் துடைத்தது போலத் தின்றது. தின்றதெல்லாம் தண்ணீராய்ப் போயிற்று. முதுகெலும்பு கூரை முகடு போல எழும்பியது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், தீவனத்தை மாற்றிப் பார்த்தார்கள். எதற்கும் கழிச்சல் நிற்கவில்லை. மாட்டு டாக்டர் வந்து ரத்தமும் சாணமும் எடுத்துக்கொண்டு போனார். ரத்தத்தின் முடிவு சீக்கிரம் வந்தது. சாணத்தின் முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

"ஜோனிஸ் நோய்" என்றார் டாக்டர். "குடல் தடிச்சுப் போயிடும். தின்னது உடம்புல ஒட்டாது. மருந்து கிடையாதும்மா."

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே" என்றார் முதலாளியம்மா.

"நேத்து வந்ததில்ல. இது கன்னுக்குட்டியா இருக்கும்போதே தொத்தியிருக்கும். வருஷக்கணக்கா உள்ளேயே தூங்கும். ரெண்டு மூணு கன்னு போட்டப்புறம்தான் முழிச்சுக்கும். அதுக்குள்ள சாணம் வழியா எத்தனை கன்னுக்குக் குடுத்துச்சோ."

எல்லா மாடுகளுக்கும் சோதனை நடந்தது. நோய் முற்றியிருந்தவற்றை உடனே கழித்து லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். நெட்டை அந்த லாரியில்தான் போனது. பார்வைக்குத் தெம்பாக இருந்தும் ரத்தத்தில் நோய் காட்டிய சிலவற்றின் காலில் சிவப்புப் பட்டை கட்டினார்கள். அவற்றைக் கடைசியாகக் கறக்க வேண்டும். இளைக்கத் தொடங்கும்வரை வைத்துக்கொள்ளலாம். அதில் சீமாட்டியும் இருந்தது. பண்ணையிலேயே அதிகம் பால் கொடுக்கிற, யாருக்கும் வழிவிடாமல் நடக்கிற மாடு.

"கொழுகொழுன்னு நிக்குது. உங்க சோதனைக்குக் கண்ணு தெரியலையா டாக்டர்?"

"நம்ம கண்ணுக்குத்தான் தெரியலைம்மா. தெரியும்போது கைமீறிப் போயிருக்கும்."

பிறகு அவர் கன்றுகளைப் பற்றிச் சொன்னார். முற்றத்தின் அந்தப் பக்கத்தில் தீவன மூட்டைகள் கிடந்த கொட்டகையைச் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, கன்றுகளுக்கென்று ஒதுக்க வேண்டும். இந்தப் பக்கத்து ரப்பர் பூட்ஸோ மண்வெட்டியோ அந்தப் பக்கம் போகக்கூடாது. நடுவில் ஒரு கதவு, கதவடியில் கால் நனைக்கும் மருந்துத் தொட்டி. கன்று பிறந்து எழுந்து நிற்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சோதனையில் தேறிய மாட்டின் சீம்பாலைப் புட்டியில் கொடுக்க வேண்டும். பெரிய மாடுகளைத் தொடாத ஓர் ஆள்தான் அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"தாய் நக்கறதுக்குக்கூட விடக்கூடாதா?" என்று அவள் கேட்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

அந்தப் பக்கத்துக்கு வந்த ஆள் அதுவரை அச்சகத்தில் வேலை பார்த்தவர். அச்சகத்தை மூடிவிட்டார்கள். "மாட்டு வாடையே படாத ஆளு. அதுதான் தகுதி" என்று முதலாளியம்மா பெருமையாகச் சொன்னார். நெடுநெடுவென்று, எதைச் செய்தாலும் யோசித்துச் செய்கிற மனிதர். முதலாளியம்மா வைத்த 'கன்னுக்காரர்' என்ற பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

முதல் கன்று ஒரு விடியற்காலையில் வந்தது. மேகம் என்ற சாம்பல்நிற மாட்டின் கன்று. சுத்தமான வைக்கோல் விரித்த தள்ளுவண்டியில் அதைக் கிடத்தி அவள் முற்றத்தைக் கடந்தாள். பின்னால் மேகம் கத்திக்கொண்டே இருந்தது. பனியில் கதவு தெரியவில்லை. அதற்கு மேலே ஒரு தலை மட்டும் தெரிந்தது.

"பால் குடிச்சிடுச்சா?" என்றார் கன்னுக்காரர். ஒவ்வொரு கன்றுக்கும் கேட்க வேண்டிய கேள்வி அது; தாயிடம் குடித்துவிட்ட கன்றை அந்தப் பக்கம் எடுக்கக்கூடாது.

"இல்ல."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"கிடேரி" என்றாள் வெடுக்கென்று.

"அப்படின்னா?"

பெண் கன்றுதான் கிடேரி என்றுகூடத் தெரியாத ஆள்! அவ்வளவு கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. திரும்பி நடந்துவிட்டாள்.

சில நாட்கள் அந்த மனிதரைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாயின் கத்தலைக் கேட்பது இவள். புட்டியைப் பிடித்துக்கொண்டு நல்ல பெயர் வாங்குவது அவரா? ஆனால் முற்றம் திறந்துதான் கிடந்தது. வேண்டாம் என்றாலும் கண் அங்கே போயிற்று. கன்றின் தாடையை முழங்காலில் தாங்கிக்கொண்டு, அது குடித்து முடிக்கும்வரை அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். குடித்ததும் பழைய செய்தித்தாளை விரித்துச் சத்தமாகப் படிப்பார். எங்கோ மழை, எங்கோ பாலத் திறப்பு, காணாமல் போன ஒரு நாய். அந்தக் குரல் முற்றத்தைக் கடந்து வந்து மிஷினின் துடிப்போடு சேர்ந்துகொள்ளும். நெற்றியை விலாவில் சாய்த்திருப்பவளின் கனவுக்குள் அந்தப் பாலமும் மழையும் தாமாகவே வந்து நுழைந்தன.

"எதுக்கு பழைய பேப்பரைப் படிக்கறீங்க?" என்று ஒருநாள் இந்தப் பக்கத்திலிருந்தே கேட்டாள்.

"இதுங்களுக்கு என்ன அவசரம்? நாளைக்கு ஆபீஸ் போகணுமா?"

அதன்பிறகு பேச்சு வளர்ந்தது. கதவைத் தாண்ட முடியாது என்பதால் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. உரக்கப் பேச வேண்டியிருந்ததால் மனதில் உள்ளதைச் சொல்ல முடியவில்லை. மாட்டைப் பற்றியும் வெயிலைப் பற்றியும்தான் பேசினார்கள்.

சீமாட்டி கன்று போட்டது ஒரு நண்பகலில். நாள் இன்னும் இருக்கிறது என்று மேய்ச்சலுக்கு விட்டிருந்தார்கள். அவள் தேடிப் போனபோது கன்று எழுந்து நின்றுகொண்டிருந்தது. வாயோரம் மஞ்சள் நுரை, வால் ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் புல்லும் வெயிலும்தான், பார்க்க யாருமில்லை.

தள்ளுவண்டியைக் கதவருகே நிறுத்தினாள். வரும் வழியிலேயே முந்தானையால் கன்றின் வாயைத் துடைத்திருந்தாள். ஏன் துடைத்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. கன்னுக்காரர் கைகளை நீட்டினார்.

"பால் குடிச்சிடுச்சா?"

அவர் முதுகுக்குப் பின்னால் மற்ற கன்றுகள் வரிசையாக இவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேகத்தின் கன்று காதை ஆட்டியது.

"குடிச்சிடுச்சு" என்றாள்.

நீட்டிய கைகள் மெல்லப் பின்னால் போயின. பிறகு அவள் வண்டியைத் திருப்பினாள். அந்தக் கன்றைத் தனியாகக் கட்டினார்கள். வளர்ப்புக்கு ஆகாது, இறைச்சிக்குத்தான் என்று முதலாளியம்மா முடிவு செய்தார். குறை சொல்ல அதில் எதுவுமில்லை.

மோட்டார் அறைப் படியில் அவள் சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். கன்னுக்காரர், தலை ஈரமாக, வேறு சட்டையில். பூட்ஸைக் கழுவி வைத்து, குளித்து, ரோட்டு வழியாகப் பண்ணையைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். இந்தப் பக்கம் வந்துவிட்டால் அன்று அவர் திரும்பக் கன்றுகளிடம் போக முடியாது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"எதுக்கு வந்தீங்க?"

அவர் வழக்கம் போல யோசித்தார். "அங்கேருந்து பாத்தா நீங்க ரொம்ப தூரத்துல இருந்தீங்க" என்றார்.

அவள் டப்பாவைத் திறந்து பாதியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கல்யாண விஷயம் தெரிந்ததும் அக்கா கேட்டாள்: "ரெண்டு பேரும் சேர்ந்து நின்னே பாத்ததில்லையே. ஆளு உன்னைவிட உயரமா குள்ளமா, அதாவது தெரியுமாடி?"

"உயரம்தான்க்கா. கதவுக்கு மேல தலை தெரியும்."

கல்யாணம் அமைதியாக நடந்தது. மாடியறைக்கு இன்னொரு தலையணை வந்தது. காலையில் ஒன்றாகக் கிளம்பி, பண்ணை வந்ததும் ஆளுக்கொரு வாசலாகப் பிரிந்தார்கள். வேலைத் துணிகளை வீட்டில்கூட வெவ்வேறு வாளியில் ஊற வைத்தார்கள். "புருஷன் பொண்டாட்டி சண்டையில பாயைப் பிரிப்பாங்க, வாளியைப் பிரிச்சு இங்கதான் பாக்கறேன்" என்று அக்கா சிரித்தாள்.

அடுத்த குளிருக்குள் சீமாட்டி இளைக்கத் தொடங்கியது. லாரி வருகிற அன்று அவள் கடைசியாக அதைக் கறந்தாள். பால் கொஞ்சம்தான் வந்தது. குழாயைக் கழற்றிய பிறகும் நெற்றியை எடுக்காமல் நெடுநேரம் நின்றாள். முதலாளியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அதட்டாமல் போய்விட்டார்.

முதல் கன்றுகள் சினையாகி, பெரிய கொட்டகைக்கு வரும் நாளும் வந்தது. அதே கதவு, இம்முறை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். மேகத்தின் மகளை அவர்தான் கயிற்றோடு கூட்டிவந்தார். கயிறு கைமாறியபோது அவர் விரல்கள் உடனே விடவில்லை.

"செய்தி கேக்காம இதுக்குத் தூக்கம் வராது" என்றார்.

"நான் படிக்க மாட்டேன். கனவைச் சொல்றேன், கேக்கட்டும்."

மேகம் தன் மகளை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, தீவனத்துக்குத் திரும்பிக்கொண்டது.

அப்படி வந்தவற்றிலும் ஒன்றுக்குப் பின்னாளில் நோய் காட்டியது. முதலாளியம்மா இடிந்துபோனார். "ஒண்ணு ரெண்டு கண்ணுல மண்ணைத் தூவிடும்மா. விடாம செய்யணும்" என்றார் டாக்டர். விடாமல் செய்தார்கள். சிவப்புப் பட்டைகள் வருஷா வருஷம் குறைந்தன. ஒரு வருஷம் யார் காலிலும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

"ஒழிஞ்சிடுச்சா?" என்றார் முதலாளியம்மா.

"இந்தத் தடவை சோதனையில தெரியலை. அவ்வளவுதான் சொல்லுவேன்."

அன்று முதலாளியம்மாவுக்கு மனம் இளகியிருந்தது. கன்றுகளுக்கு வேறு ஆள் போட்டுவிட்டு, கன்னுக்காரரை மனைவியோடு கறவைக் கொட்டகையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார். மாலையில் மாடியறை ஜன்னலோரம் உட்கார்ந்து கன்னுக்காரர் அதை அவளிடம் சொன்னார்.

"என்ன சொல்ற? வரட்டுமா?"

அவள் துணி மடித்துக்கொண்டே யோசித்தாள். இப்போது யோசிப்பது அவள் முறையாக இருந்தது.

"வேணாம். பக்கத்துல இருந்தா பேசிக்கிட்டே இருப்பீங்க. நான் எப்ப கனவு காண்றது?"

அவர் வெகுநேரம் சிரித்தார். கீழே அக்கா, என்ன சிரிப்பு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அவள் விளக்கைப் போட எழுந்தாள்.