ஒரே முகம், வேறு குரல்

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவார ஓடைக்கரையில் ஜீப்பை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார் டிரைவர் பாய். மழை விட்டிருந்த சாயங்காலம். புதர்த் தவளைகள் கத்தத் தொடங்கியிருந்தன. "டீச்சர், இது நேத்து கேட்ட தவளை இல்ல" என்றார்.

ஆராய்ச்சி மாணவியான என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முந்தின நாள் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் இருந்தோம். அங்கே பிடித்த தவளையும் இங்கே பிடித்ததும் நிறம், விரல், கண் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஊர் திரும்பியதும் என் பேராசிரியரும் தவளை ஜாடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரே இனம்தான், எழுதி முடிச்சிரு" என்று சொல்லிவிட்டார். உதவித்தொகை முடிய நான்கு மாதமே இருந்தது.

"அவிய ஜாடியத்தான பாத்தாக, சத்தத்தக் கேட்டாகளா?" என்றார் பாய், பேராசிரியர் சொன்னதை நான் சொன்னதும். "அது விடாம அடிச்சுது. இது செத்த விட்டு விட்டு அடிக்கி. பாடி ஒண்ணுதான், இஞ்சின் வேற."

இருபது வருஷம் சத்தத்தை வைத்தே வண்டியின் நோயைச் சொன்னவர். அவர் காதை நம்பி இரண்டு பக்கத்துக் குரல்களையும் பதிவு செய்தேன். உண்மையிலேயே தாளம் வேறாக இருந்தது. ஒரு காலத்தில் இந்த மலை முழுக்க ஒரே கூட்டமாக இருந்திருக்கும். இடையில் காடு காய்ந்து பிரிந்தபின், அந்தந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியே பாடி, பாட்டே மாறியிருக்கலாம். ஆனால் குரல் மாறினால் மட்டும் போதாது. ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் வர மறுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் கலக்காத தனித்தனி இனங்கள்.

வாடகை அறையில் ஈரச் சாக்கை விரித்தோம். இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர். நடுவில், முட்டை நிறைந்த செண்பகத்தோப்புப் பெண் தவளை. ராஜபாளையத்துக் குரல் எழுந்தது, அவள் அசையவில்லை. அடுத்த முனையில் அவள் ஊர்க் குரல் கேட்டதும் திரும்பி, நான்கே தாவலில் ஸ்பீக்கர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் திணித்துக்கொண்டார் பாய். முனைகளை மாற்றி வைத்தும் பார்த்தோம். அப்போதும் அவள் தன் ஊர்க்காரனையே தேடிப் போனாள். மூன்று வாரத்தில் பிடித்த பெண் தவளைகளில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான் செய்தன.

பேராசிரியர் பதிவுகளைக் கண்மூடிக் கேட்டார். பிறகு, "நான் அவசரப்பட்டுட்டேன்மா" என்று சொல்லிவிட்டு, உதவித்தொகையை நீட்டிக்கக் கேட்டு அவரே கடிதம் எழுதினார். பின்னால் மரபணுச் சோதனையும் பாய் காது சொன்னதையே சொல்லிற்று.

இப்போது நான் நிஜமாகவே டீச்சர். இனம் பிரிவதைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் மாணவர்களுக்குச் சொல்ல எனக்கொரு காலைப்பொழுது இருக்கிறது. ஸ்பீக்கர் சோதனை முடிந்த மறுநாள் விடியலில், தூறலோடு தூறலாக, செண்பகத்தோப்பில் அந்த முதல் பெண் தவளையைப் பிடித்த அதே புதருக்குப் பாய் என்னை அழைத்துக்கொண்டு போனார். "பொண்ண எடுத்த எடத்துலயே விடணும் டீச்சர். வேற பக்கம் விட்டா பேச்சுத் தொணைக்கு ஆளிருக்காது." கையைத் திறந்தேன். இலைக்குள்ளிருந்து ஒருவன் விடாமல் கூப்பிட்டான். அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.