ஆள் கூட்டி வந்தால் மண்டோர்

இன்று காலை தஞ்சோங் காராங் மளிகைக் கடையில் சீனி வாங்கப் போனபோது, என் வீட்டுக்காரருக்கு வேலை கொடுத்த கட்டடக் காண்ட்ராக்டர் நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது வந்துபோனவர்தான்.

“அன்னிக்கு அவன் சாவுக்கு உங்க தோட்டத்து லயமே திரண்டு வந்துச்சேம்மா! இவ்வளவு ஆளு அவன் பக்கம்னு தெரிஞ்சிருந்தா, அப்பவே மண்டோர் ஆக்கியிருப்பேன்லா.”

எத்தனையோ வருஷம் என் வீட்டுக்காரர் கல் கட்டினார். ஒரு சுவர் கோணியதில்லை. ஆனால் அங்கே லயத்திலிருந்து வேலைக்கு ஆள் கூட்டி வருகிறவனைத்தான் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, வைப்பார்கள். இவர் ஒருவரையும் கூட்டிப் போகவில்லை.

“எவனாச்சும் விழுந்துட்டா, அவன் அம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்? பக்கத்து வீட்டுலதான இருக்கு,” என்பார்.

காண்ட்ராக்டர் விடவில்லை. “உங்க தம்பி இருக்கான்ல? பத்துப் பேரக் கூட்டிட்டு வரட்டும். நாளைக்கே மண்டோர்.”

“அன்னிக்கு வந்தவங்க அவரத் தூக்க வந்தாங்க, மொதலாளி. உங்க கல்லத் தூக்க இல்ல.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். தம்பி பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டான். அவன் மண்டோர் ஆவதை நான் கெடுத்துவிட்டேனாம்.

நீங்களே சொல்லுங்கள், அவரைத் தூக்க வந்த லயத்தில் எந்த வீட்டு வாசலில் போய் முதல் ஆளைக் கேட்பது?