ரேடியேட்டர் குடித்த இரண்டு குடம்

பழைய எஞ்சின் ஆயில் சூடாக வடியும்போது ஒரு வாசனை வரும். கருகிய கடுகும், மழையில் நனைந்த தார்ச்சாலையும், யாரோ அடிப்பிடிக்க விட்ட வெல்லப்பாகும் சேர்ந்தது போன்ற அந்த வாசனை, சேரன்மாதேவியில் எங்கள் வீட்டு முன்வாசலில் சில மாதங்களுக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலை எழுந்து சனிக்கிழமை காலைதான் அடங்கும். எண்ணெய் மாற்ற ஓர் இரவு எதற்கு என்று கேட்பவர்களுக்காக, எங்கள் குடும்பத்தின் தீராத தத்துவச் சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிடம் ஒரு வெள்ளை "பிக்கப்" வண்டி இருந்தது. பத்தமடைப் பாய்க்கட்டும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி வரை போய்வரும். ஓட்டுவது அப்பா, ஆர்.சி. புத்தகமோ அம்மா பேரில். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் சனி, பெண்களுக்கு வெள்ளி என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதும் எண்ணெய்க் குளியல்தான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது; வண்டி ஆணா பெண்ணா என்பதில்தான். "ஓட்டுதவன் நான்" என்பார் அப்பா. "பேரு என் பேரு" என்பாள் அம்மா. கடைசியில், வெள்ளி மாலை பழையதை வடிப்பது, சனி காலை புதியதை ஊற்றுவது என்று சமரசம் ஆயிற்று. உள்விவகாரம் தெரியாத மெக்கானிக் காதர் பாய், "அண்ணாச்சி மாதிரி ராத்திரி பூரா சொட்டு விடாம வடிய விடுதவன் இந்த ஜில்லாவுலயே கிடையாது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சரியான காரியத்தைத் தவறான காரணத்துக்காகச் செய்துவிடுவது எங்கள் பரம்பரைத் திறமை.

மற்ற திரவங்களுக்கும் அப்பாவிடம் கொள்கைகள் இருந்தன. எஞ்சின் ஆயிலை இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார். வழுக்கல் குறைந்து கறுத்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பிரேக் ஆயில் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் காதர் பாய் தவிர யாரும் அந்த மூடியைத் தொடக் கூடாது. பேட்டரிக்குக் கடையில் விற்கும் சுத்த நீர்தான் என்பதை, ஒரு பேட்டரியைப் பலி கொடுத்த பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் ரேடியேட்டருக்கு எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீர்தான்; கூலண்ட் என்ற பச்சைத் திரவத்தை ஊற்றுவதை மட்டும் அவர் ஆற்றுக்குச் செய்யும் துரோகமாகவே கருதினார்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்த ஆண்டு பங்குனியில் இந்தக் கொள்கைக்குச் சோதனை வந்தது. கோமதி அக்காவைக் கொற்கைக்குக் கிழக்கே, கிணற்றில் உப்பு ஊறும் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு, பத்தரைக்கு ராகு காலம் பிறக்குமுன் அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட வேண்டும். தவறினால், எட்டாம் மாதத்தில் கூட்டிவரக் கூடாது, ஒன்பதாம் மாதத்தில் அந்தச் சாலையில் கூட்டிவர முடியாது, பிரசவம் அங்கேதான். வாந்தியெடுத்தே துரும்பாகிக் கிடந்தவள் கடிதத்தில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: நம்ம ஆத்துத் தண்ணி ரெண்டு குடம்.

புறப்படுவதற்கு நான்கு நாள் முன்னால் காதர் பாய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உள்ள பூரா துரு அண்ணாச்சி. கழுவிட்டுக் கூலண்ட் ஊத்திருவோம். தூரமா வேற போறிய."

"தாமிரவரணித் தண்ணி வே இது. அல்வா கிண்டுததுக்கு இந்தத் தண்ணி, பாய்க்குக் கோரை ஊறப்போடுததுக்கு இந்தத் தண்ணி. மனுசன் கொடலுக்கு ஒத்துக்கிடுதது இரும்புக்கு ஒத்துக்கிடாதோ?"

"மனுசன் கொடலு துருப் புடிக்காதுல்லா அண்ணாச்சி."

அப்பாவுக்கு முதல்முறையாக முகம் வாடியது. காதர் பாய் பச்சைக் கேனைக் கையில் எடுத்தும்விட்டார். அந்த நொடியில் நான் வாயைத் திறந்திராவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. அறிவியல் பாடத்தில் மனப்பாடம் செய்திருந்ததை, தண்ணீருக்கு வெப்பத்தை ஏற்கும் திறன் அதிகம், அதனால்தான் வண்டி ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பதை, மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"ஏலே, இன்னொருக்கச் சொல்லு" என்றார் அப்பா. இன்னொருமுறை சொன்னேன். "கேட்டேரா வே? கவர்மெண்டே சொல்லுது!"

காதர் பாய் கேனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நல்லாப் படிக்கிற புள்ள" என்றார். அதைப் பாராட்டு என்றே பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் கிளம்பினோம். உறவுக்காரர்கள் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். முன்னால் அப்பாவும் அம்மாவும். பின்னால் சித்திரான்ன அண்டாக்களுக்கும் வாழைத்தாருக்கும் நடுவில், வாயில் துணி கட்டிய இரண்டு பித்தளைக் குடங்களை அணைத்துக்கொண்டு நான். ஸ்ரீவைகுண்டம் தாண்டியது, ஏரல் தாண்டியது, ஆறு எங்களை விட்டு ஒதுங்கிப் போனது. பனைகளும் உடைமரங்களும் மட்டும் நின்ற ஓரிடத்தில் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி வண்டி நின்றது.

ஆற விட்டு, ஈரச் சாக்கைப் போட்டு அப்பா மூடியைத் திருகியபோது, சுக்குக் காப்பி நிறத்தில் ஏதோ கொதித்து வழிந்தது. பக்கத்துத் தோட்டக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"இத ஊத்தினா என்ன?" என்றாள் அம்மா.

"போய்ச் சேரலாம். ஆனா உப்பு உள்ள போயிட்டா, திரும்பி வாரதுக்கு இந்த வண்டிய நம்ப முடியாது."

திரும்பும் வண்டியில்தான் அக்கா வர வேண்டும். மூவரும் குடங்களைப் பார்த்தோம். கேட்கும் துணிச்சல் அப்பாவுக்கு இல்லை. அம்மாதான் முதல் குடத்தின் துணியை அவிழ்த்தாள். "பிள்ள கேட்டது இது ஒண்ணுதான். ம், ஊத்துங்க."

"அம்மா, புத்தகத்துல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ வாயத் தொறந்தே, உன்னையும் உள்ள ஊத்திருவேன்."

முதல் குடம் சில மைல்தான் தாங்கியது. இரண்டாவது குடத்தையும் சாய்த்து, அடியில் ஒரு செம்புத் தண்ணீரை மட்டும் அம்மா பிடித்து நிறுத்தினாள். மணி ஒன்பதேகாலுக்கு, அபிஷேகம் முடிந்த சாமி போல உடம்பெல்லாம் ஆவி பறக்க, சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றோம்.

சம்பந்தி அதிகம் பேசாதவர். உப்பளத்துக்கு டிராக்டர் ஓட்டுபவர். "உப்புத் தண்ணிக்காரங்க" என்று எங்கள் வீட்டில் அவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொல்வோம். அவர் ஆவியைப் பார்த்தார். "என்ன ஊத்துதிய சம்பந்தி?"

"ஆத்துத் தண்ணி" என்றார் அப்பா, அந்த நிலையிலும் சற்று நிமிர்ந்து.

துணி அவிழ்ந்து கிடந்த இரண்டு குடங்களையும் பார்த்த அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. உள்ளே வளையல் பூட்டத் தொடங்கியபோது, வெளியே அவர் புதுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துக் கீழ்க்குழாயைக் கழற்றினார். செங்காவிச் சேறு கொட்டியது. லாரியில் எப்போதாவது வரும் குடிதண்ணீரை நிரப்பி வைத்திருந்த பீப்பாயிலிருந்து குடம் குடமாக எடுத்து வந்து, தெளிந்து வரும்வரை ஊற்றினார்.

"வேண்டாம் சம்பந்தி, குடிக்கிற தண்ணி" என்று அப்பா கையைப் பிடித்தார்.

"நீங்க ரெண்டு குடம் ஊத்திட்டு வந்திருக்கிய. நாங்க நாலு குடம் ஊத்த மாட்டமா?"

பிறகு டிராக்டர் கொட்டகைக்குள் போய் அவர் எடுத்து வந்தது ஒரு பச்சைக் கேன். அப்பா அதைப் பார்த்த பார்வை, பரம விரோதியைச் சொந்தக்காரன் வீட்டுப் பந்தியில் பார்த்த பார்வை. "நீங்க இதுவா ஊத்துதிய?"

"நல்ல தண்ணி உள்ள ஊர்க்காரங்க எதையும் யோசிக்க வேண்டியதில்ல. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லைல்லா."

பத்து மணி தாண்டி அக்கா வெளியே வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். செம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "மீதி எங்கம்மா?" என்றாள். அம்மா வண்டியின் மூக்கைக் காட்டினாள். அக்கா ஒரு கணம் விழித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வளையல் அத்தனையும் குலுங்கச் சிரித்தாள். அவள் சிரித்து மாதக்கணக்கு ஆகிறது என்று அவள் மாமியார் சொன்னாள். பத்து இருபதுக்கு வண்டி கிளம்பியது. சேரன்மாதேவி வரும்வரை ரேடியேட்டர் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அங்கிருந்து ஒரு சிப்பம் உப்போடு ஒரு பச்சைக் கேன் வரும்; இங்கிருந்து இரண்டு குடம் ஆற்றுத் தண்ணீர் போகும். கேனைப் பற்றி அப்பா கடைசிவரை நல்லதாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அதைத் தவிர வேறெதையும் ரேடியேட்டரில் ஊற்றியதும் இல்லை.

இன்று அப்பாவும் இல்லை, சம்பந்தியும் இல்லை. என்னுடைய பிக்கப் சர்வீஸ் சென்டருக்குப் போகிறது. எதை எப்போது மாற்றுவது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. கண்ணாடி அறையில் உட்கார்ந்து காப்பி குடிப்பது மட்டுமே என் பங்கு. ஆர்.சி. என் மனைவி பேரில் இருந்தாலும் சனிக்கிழமைதான் நேரம் கேட்கிறேன். ஏன் என்று அவர்கள் கேட்பதில்லை. எங்கள் படித்துறையில் நுரையும் துணிமூட்டையும் மிதக்கின்றன, குடம் முக்குவார் யாருமில்லை. வீட்டில் குடிப்பது கடையில் வாங்கும் கேன் தண்ணீர்.

இந்தப் பொங்கலுக்கும் அக்கா மகன் பச்சைக் கேனோடு வந்தான். பரணிலிருந்து அந்த இரண்டு குடங்களையும் இறக்கிப் புளி போட்டு விளக்கி வைத்த பிறகுதான், நிரப்ப ஒன்றுமில்லை என்பது உறைத்தது. காலிக் குடத்தை அனுப்பக் கூடாது என்று அம்மா சொன்னாள். கண் மங்கினாலும் சட்டம் மங்கவில்லை. கேன் தண்ணீரையே ஊற்றினேன். அவள் ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினாள்.

"கோமதி குடிக்கண்டாம்" என்றாள் பேரனிடம். "வண்டிக்கு ஊத்தச் சொல்லு."