தேவசகாயம் கிராணி ஓடிய நாள்

போன செவ்வாய்க்கிழமை காலை கிள்ளான் பாசாரில் மீன்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தேவசகாயம் கிராணியின் மகன் பிரிக்பீல்ட்ஸிலிருந்து என்னைத் தேடி வந்து நின்றான். “அப்பா போயிட்டாரு அங்கிள். மத்தியானம் எடுக்கிறோம்” என்றான். மீன் வாங்குவதில் என்னை ஏமாற்ற இந்தக் கிள்ளானில் ஆள் கிடையாது. அன்றைக்குக் காசைக் கொடுத்துவிட்டு மீனை எடுக்காமலே வந்துவிட்டேன்.

அடக்கத்துக்கு வந்திருந்த, கிராணி வளர்த்த பழைய பையன்கள், எல்லோருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது, “அவரைப் பத்தி நீங்கதான் எழுதணும் அண்ணே” என்றார்கள். நான் நாலாம் வகுப்பு. ஆனால் அந்தக் காலத்து நாலாம் வகுப்பு இந்தக் காலத்துப் பட்டதாரிக்குச் சமம். ஆகவே எழுதுகிறேன்.

தெலுக் பங்லிமா காராங் பக்கம், ரப்பர் காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்தது அந்தப் பையன்கள் வீடு. கோலாலம்பூரில் ஜேப்படி அடித்தவன், வீட்டை விட்டு ஓடியவன், சித்தப்பன் மண்டையை உடைத்தவன், இப்படிப்பட்டவர்களைத் திருத்த வெள்ளைக்காரன் வைத்தது. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை காரில் ஏறினார். வாத்தியார்கள் சைக்கிளில் போனார்கள். ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி தேவசகாயம் மட்டும் இருந்தார். ஏன் போகவில்லை என்று பிறகு கேட்டேன். “அரிசி இருக்கிற வரைக்கும் இருக்கலாம்னு நெனச்சேன்டா. அரிசி தீர்ந்தப்ப, கிளம்ப மறந்துட்டேன்” என்றார்.

நான் அப்போது கரிப்புகையில் ஓடும் லோரி ஓட்டினேன். மலாயாவிலேயே அதை மேட்டில் ஏற்றத் தெரிந்தவர்கள் ரெண்டே பேர்; இன்னொருவனும் என்னிடம் கற்றவன்தான். அந்த வீட்டுப் பையன்கள் போட்ட மரவள்ளிக் கிழங்கைக் கிள்ளானுக்குக் கொண்டுபோய், கருவாடும் உப்பும் கொண்டுவந்து கொடுப்பேன்.

துரை காலத்தில் ஒருவன் ஓடினால் மற்றவர்களுக்குச் சோறு கிடையாது. கிராணி அதை மாற்றினார். ஒருவன் ஓடினால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எல்லோரும் அவன் பின்னால் போக வேண்டும். அவனோடுதான் திரும்ப வேண்டும், அவனோடுதான் சாப்பிட வேண்டும். “ஓடுறவனுக்குப் பசிக்கும். கையில கிழங்கு எடுத்துட்டுப் போங்க” என்பார். அடிக்கக் கூடாது.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. புதுப்பையன் வந்தால் கதவைத் திறந்துவைத்து, “ஓடுறதுன்னா ஓடு. இந்தப் பக்கம் கிள்ளான். அந்தப் பக்கம் ஆறு, முதலை இருக்கு” என்பார். முதலை உண்மை. நானே ஒன்றைப் பார்த்திருக்கிறேன், என் லோரியைவிட ஒரு முழம் நீளம். ஓடாமல் உட்கார்ந்தவனுக்கு ஒரு துண்டுக் கிழங்கு கூடுதலாகக் கிடைக்கும். மாதம் ஒருமுறையாவது, நிஜம்போலவே ‘ஓடுங்கடா’ என்று கத்தி, எல்லாப் பையன்களுக்கும் இந்தச் சோதனை வைப்பார்.

ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம். போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம்தான். கிள்ளான் காப்பிக்கடையில் சேதி கேட்டு லோரியைப் பறக்கவிட்டேன்.

“கிராணி, ஆள் புடிக்கிற லோரி வருது! வளர்ந்த பையன் ஒருத்தனையும் விடமாட்டான்!”

“எப்ப?”

“என் பின்னாலேயே வரான் லா!”

கிராணி வாசலுக்கு வந்து, “ஓடுங்கடா! ஆத்துப் பக்கம் ஓடுங்க!” என்று கத்தினார். பையன்கள் மண்வெட்டியை வைத்துவிட்டு, வரிசையாக, ஒழுக்கமாக, தரையில் உட்கார்ந்தார்கள்.

“டேய், இது நெசம்டா!”

“போன தடவையும் அப்படித்தான் சொன்னீங்க” என்றான் ஒருவன். பக்கத்தில் இருந்தவன், “ஐயா, இந்தத் தடவை ரெண்டு துண்டா?” என்றான்.

ஜப்பான்காரன் லோரிச் சத்தம் முனையில் கேட்டது. கிராணி கட்டைச் செருப்பை உதறினார். அவர் கொஞ்சம் தடித்த மனிதர், உங்களுக்குத் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “நான் போறேன்டா! இந்த வீடும் வேணாம், நீங்களும் வேணாம்!” என்று ஆற்றங்கரைக் காட்டைப் பார்த்து ஓடினார்.

“ஐயா ஓடுறாரு! புடிங்கடா!”

வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பையன் பாக்கியில்லை. ஒருவன் கையில் கிழங்கோடு ஓடினான்.

நான் லோரியைக் குறுக்கே நிறுத்தி வழியை மறித்தேன். இறங்கிய சிப்பாய் பையன்கள் எங்கே என்று கேட்டான். “இது ஓடுற பசங்க வீடு. ஓடிட்டாங்க” என்றேன். விழுந்த அறைகளில் வேறு ஆளாக இருந்தால் செத்திருப்பான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து சூசை வந்தான். மலேரியாக் காய்ச்சலில் படுத்திருந்தவன். சத்தத்தில் எழுந்து, போர்வையோடு வெளியே வந்து பார்த்தால் பையன்கள் யாரும் இல்லை. “ஐயா எங்கிட்டு ஓடினாரு?” என்றான். நான் வாயைத் திறப்பதற்குள், காய்ச்சல் மயக்கத்தில் சிப்பாயைக்கூடக் கவனிக்காமல், எல்லோரும் ரோட்டுப் பக்கம் போயிருப்பார்கள் என்று நினைத்து, ரோட்டைப் பார்த்து ஓடினான். நேராக அவர்கள் லோரியிடம். அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பொழுது சாயக் கிராணி பையன்களோடு திரும்பினார். நான் சொன்னேன். உட்கார்ந்தார். அன்று யாரும் சாப்பிடவில்லை.

ஜப்பான்காரன் தோற்றபிறகு பையன்கள் வேலைக்குப் போனார்கள், வீட்டில் புல் முளைத்தது. கிராணி பிரிக்பீல்ட்ஸில், ரயில் சத்தம் கேட்கும் ஓர் அறைக்குக் குடிவந்தார். சயாமிலிருந்து ஆள் திரும்பும் ரயில் ஒவ்வொன்றுக்கும் போய் நின்றார். பையன்களைக் காப்பாற்றியதைப் பற்றி யாராவது புகழ்ந்தால், “ஒருத்தன் இன்னும் வரல” என்பார். ரயில்கள் நின்ற பிறகும் சயாம் போய்வந்தவர் யாரைக் கண்டாலும் கேட்பார்: “கறுத்த பையன், இடது புருவத்துல தழும்பு, பேரு சூசை. பாத்தீங்களா?” இத்தனை வருஷத்தில் அவன் பையனாகவா இருப்பான் என்று நான் கேட்டதுண்டு. “எனக்குத் தெரிஞ்சது அந்த மொகந்தான்டா” என்றார்.

அவருடைய கட்டில், பெட்டி, கடிகாரமெல்லாம் மகனுக்கு. என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான். அடக்கம் முடிந்த மறுநாள் அம்பாங்கில் சயாம் போய்வந்த ஒரு பெரியவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். தழும்பைச் சொன்னேன், காய்ச்சலைச் சொன்னேன்.

“காய்ச்சலோட வந்த பசங்க நெறைய பேரு தம்பி” என்றார். “நீங்க அவனுக்கு யாரு?”

“அவங்க வீட்டு ஆளு” என்றேன்.